ஊமையன் பங்கு

ஆவணி 6. நண்பகல். ஊருக்கு மேற்கே, ஓடைக்கரைக் கொட்டில். வெள்ளாடு ஒன்று, குட்டி ஒன்று. குரல்வளையில் கடி. சதை தின்னப்படவில்லை. சத்தம் கேட்டவர் எவருமில்லை.

ஆவணி 11. நண்பகல். பள்ளிக்கூடத்தின் பின்புறம். செம்மறிக் கிடா ஒன்று. குரல்வளையில் கடி. சதை தின்னப்படவில்லை. காலடித் தடம் இல்லை; தரை காய்ந்து இறுகிய கரிசல்.

ஆவணி 19. நண்பகல். மீண்டும் ஓடைக்கரைக் கொட்டில். குட்டிகள் இரண்டு. உடலெங்கும் கடிகள். அருகில் இருந்த இருவர் வெடி வெடித்தனர். விலங்கு ஓடவில்லை, நடந்து போனது என்று இருவரும் கூறினர்.

ஆவணி 24. நண்பகல். வடக்குக் காட்டுக் கிணற்றடி. வெள்ளாடு ஒன்று. குரல்வளையில் கடி. கடித்தடம் தெளிவாக இல்லை.

புரட்டாசி 2. நண்பகல். ஓடைக்கரைக் கொட்டில். சினை வெள்ளாடு ஒன்று. வயிற்றில் குட்டிகள் இரண்டு.

இந்தக் குறிப்புகளை ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் நான் ஒரு நீள நோட்டில் எழுதினேன். கால்நடை மருத்துவக் கல்லூரியில் நோய்க்குறியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். இறந்த விலங்கைத் திறந்து, அது எதனால் இறந்தது என்று சொல்வதே முப்பது ஆண்டுகளாக என் தொழில். ஓய்வுக்குப் பிறகு என் மனைவி பிறந்த ஊருக்கு வந்து குடியேறினோம். ஏழாயிரம்பண்ணையிலிருந்து பேருந்தில் கொஞ்ச தூரம். சுற்றிலும் மானாவாரி நிலமும் அதன் நடுவே தகரக்கூரை போட்ட பட்டாசு அறைகளும். என் மனைவி இந்த ஆடி மாதத்தின் பிற்பகுதியில் இறந்தாள். மேலே உள்ள பதிவு அதற்குப் பிந்தையது.

பதிவில் ஒரு வரி பொய். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஊர்க்காரர்களுக்கு அந்த விலங்கு எது என்பதில் தொடக்கத்திலிருந்தே ஐயம் இருக்கவில்லை. அது ஊமையன். கதையைப் பலரும் எனக்குச் சொன்னார்கள். வேறுபாடுகளை நீக்கிவிட்டால் எஞ்சுவது இவ்வளவு: ஒரு பஞ்ச காலத்தில் இந்தக் காட்டில் ஆட்டுக்கிடை போட்டிருந்த கீதாரி ஒருவன், மந்தையை ஓட்டிக்கொண்டு தெற்கே போகும்போது, கஞ்சி ஊற்ற வழியில்லாமல் தன் காவல் நாயைக் கட்டுத்தறியிலேயே விட்டுவிட்டுப் போனான். நாய் கஞ்சி வரும் வரும் என்று உச்சிப்பொழுது தோறும் குரைத்தது. குரல் வற்றியது. பிறகு உயிர் போனது. அன்றுமுதல் அது குரலில்லாமல் உச்சிவேளையில் வரும், ஆட்டின் குரல்வளையைக் கவ்வும், இரத்தத்தை உறிஞ்சும், கறியைத் தொடாது.

அது வராமல் இருக்க ஒரு வழக்கமும் இருந்தது. மதியச் சாப்பாட்டின் முதல் கவளத்தை வாசலுக்கு வெளியே ஒரு கல்லின்மேல் வைத்துவிட வேண்டும். அதற்கு ஊமையன் பங்கு என்று பெயர். ஆடு வளர்ப்பவர்கள் ஏற்படுத்திய வழக்கம், ஆடு மேய்த்தவர்கள் பட்டாசு ஆலைக்கு வேனில் போகத் தொடங்கிய பிறகும் நிற்கவில்லை. ஆலையில் வெடிமருந்து அறைகளுக்கு எட்டத்தில், வேப்பமரத்தடியில் பெண்கள் தூக்குவாளியைத் திறந்தவுடன் முதல் கையை அங்கிருக்கும் கல்லில் வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவார்கள். நாய்கள் அந்த நேரத்துக்குச் சரியாக வந்து நிற்கும்.

என் மனைவியும் வைப்பாள். எங்கள் பின்வாசலுக்கு வெளியே உடைந்த ஆட்டுக்கல் ஒன்று கிடந்தது. நண்பகல் பன்னிரண்டு மணிக்கு அவள் பின்கதவின் தாழ்ப்பாளை விலக்குவதும், ஒரு உருண்டைக்குப் பதிலாக ஒரு தட்டுத் தயிர்ச்சோற்றை அந்தக் கல்லில் கொட்டுவதும், ஆறு ஆண்டுகளாக நான் கேட்டுப் பழகிய ஓசைகள். ஆவிக்கு வைக்கும் சோற்றை நாயல்லவா தின்கிறது என்று ஒருமுறை சொன்னேன். அவள் கதவைச் சாத்தியபடியே சொன்னாள்:

"நீங்க யாருக்குன்னு நெனச்சீக? அவனும் நாய்தான."

அந்தச் சோற்றைத் தின்றது ஒரு செவலை நாய். ஆலையில் பட்டாசைச் சோதித்துப் பார்க்கும் பொட்டலின் சுற்றுச்சுவர் ஓரத்தில், கண் திறந்த சில நாட்களில் கிடந்ததை அவள் எடுத்து வந்தாள். பெயர் வைக்கவில்லை. 'ஏலே' என்பாள், அது வரும். வீட்டுக்குள் விடுவதில்லை, கட்டுவதும் இல்லை. எங்கள் வீட்டைத் தவிர வேறெங்கும் அது வாய் வைத்து நான் பார்த்ததில்லை.

ஆடி மாதத் தொடக்கத்தில், விதிமீறல்கள் குறித்த ஆய்வுக்குப் பின் இந்தப் பக்கத்து ஆலைகள் சிலவற்றை மூடினார்கள். தீபாவளி சீசனுக்கு நடுவே மூடியதால் ஊரே வீட்டில் உட்கார்ந்தது. காலையில் வேன் வரவில்லை. பெண்கள் சிலர் கண்மாய் வேலைக்குப் போனார்கள். ஆடு வைத்திருந்தவர்கள் ஆட்டை நம்பினார்கள். ஓடைக்கரையில் கொட்டில் வைத்திருந்த பெண் அவர்களில் ஒருத்தி. எங்கள் வீட்டுக்கும் அவள் கொட்டிலுக்கும் நடுவே ஒரு புஞ்சைதான். அவள் ஆலையில் சரவெடிக்குத் திரி பின்னுபவள். அவள் கணவர் அதே ஆலைக்கு வேன் ஓட்டுபவர். என் மனைவியை அக்கா என்று கூப்பிடுவாள். அவளிடம் ஆறு ஆடுகள் இருந்தன.

முதல் ஆடு இறந்தபோது அவள் கணவர் வந்து என்னை அழைத்தார். துக்க வீட்டுக்காரரை அழைப்பதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அழைத்தார். நான் போவதற்குள் கறிக்காக ஒருவர் கழுத்தை அறுத்துவிட்டிருந்தார். கடித்தடத்தைப் பார்க்க முடியவில்லை. இரத்தம் உறிஞ்சப்பட்டிருந்தது என்றார்கள். தோலை உரித்து, அடியில் உறைந்து கிடந்த இரத்தத்தைக் காட்டினேன். வெளியே சிந்தவில்லை என்பதால் உறிஞ்சப்பட்டது என்றாகாது, உள்ளேயே தேங்கிவிட்டது என்றேன். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். பிறகு டீக்கடையில், டாக்டரய்யா ஊமையன் குடித்தது போக மீதியைக் காட்டினார் என்று பேசிக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன்.

எது கொன்றது என்று எனக்கும் அப்போது தெரியவில்லை. நாய்கள் பெரும்பாலும் பின்தொடையைக் கடித்து இழுக்கும், பல நாய்கள் சேர்ந்து வரும், இரைச்சல் இருக்கும். ஒரே கடியில் குரல்வளையைப் பிடித்து, ஓசை எழாமல் கொல்வது சிறுத்தையின் முறை. மேற்கே மலை இருக்கிறது. ஆனால் அங்கிருந்து இந்த வெட்டவெளிக்கு ஒரு சிறுத்தை பகலில் நடந்து வரும் என்று நான் நம்பவில்லை. இரண்டாவது, செம்மறிக் கிடா. அடர்ந்த மயிரில் இரத்தம் கட்டியாகியிருந்ததால் தடத்தை அளக்க முடியவில்லை. அதன் சொந்தக்காரர் பொறுமையிழந்து கேட்டார்:

"அம்புட்டுப் படிச்சிருக்கீக, என்னன்னு சொல்ல மாட்டேங்கீக. ஊமையனுக்கு வேண்டியது கறி இல்லய்யா, கஞ்சி. கம்பெனிய மூடுனதும் கல்லுல வைக்கிற பங்கு நின்னு போச்சு. அதான் வந்துட்டான்."

நான் அதை நோட்டில் எழுதவில்லை. எழுதியிருந்தால், இந்த விவகாரத்தில் பதிவான முதல் சரியான கூற்று அதுவாக இருந்திருக்கும்.

நாடு முழுவதற்கும் வெடி செய்து கொடுக்கும் ஊரில், ஒரு விலங்கை விரட்ட வெடி வெடிக்க எவரும் முன்வரவில்லை என்பது வெளியூர்க்காரர்களுக்கு வியப்பாக இருக்கலாம். ஆட்டுக் கொட்டில் என்பது ஓலையும் வைக்கோலும். தீயைப் பற்றி இவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. கடைசியில், ஆலையின் சோதனைப் பொட்டலில் சாம்பிள் வெடிக்கும் வேலை பார்த்த இருவர் ஒத்துக்கொண்டு, ஓடைக்கரையில் காற்றின் போக்கைப் பார்த்து, கொட்டிலுக்கு எட்டத்தில் இடம் பார்த்து உட்கார்ந்தார்கள். ஆவணி 19 அன்று வேலிக்கருவேல மரங்களுக்கு நடுவே பழுப்பாக ஏதோ அசைந்தது. வெடித்தார்கள். அது திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்து போனதாம். உள்ளே இரண்டு குட்டிகள் ஏற்கெனவே கிடந்தன.

"நாய்னா இன்னேரம் சாத்தூரத் தாண்டியிருக்கும்யா," என்றார் ஒருவர். "எங்க வெடிக்கு அசையாதது இந்த ஒலகத்துப் பிராணியே இல்ல."

மற்றவர் அதில் தொழில் பெருமை கலந்திருப்பதைச் சுட்டிக்காட்டினார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் அந்த வாதம் ஊரில் நிலைத்துவிட்டது. வெடிக்கு அஞ்சாததால் அது நாயில்லை. நானும் அதை மறுக்கவில்லை. பிறந்த நாள் முதல் பிற்பகல் தோறும் சோதனை வெடிகளைக் கேட்டுத் தூங்கி எழும் இந்த ஊர் நாய்கள், வேறெந்த ஊர் நாயையும் போன்றவையல்ல என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. தீபாவளியன்று எங்கள் பின்வாசலில் அந்தச் செவலை நாய் சரவெடிச் சத்தத்துக்கு நடுவே குறட்டை விட்டுத் தூங்கியதைப் பார்த்தவன் நான்.

ஆவணி 24 அன்று கிணற்றடியில் இறந்த ஆட்டை நான் போகும்வரை யாரும் தொடவில்லை. தொட வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டிருந்தேன். வெள்ளைத் தோல், குட்டை மயிர். சவரக் கத்தியால் தொண்டையை மழித்து, ஈரத்துணியால் துடைத்தேன். அந்த மாதத்தில் நான் கண்ட கடித்தடங்களில் ஐயத்துக்கே இடமில்லாதது அதுதான்.

துளைகள் மூன்று. மேல்தாடைக்கு இரண்டு, கீழ்த்தாடைக்கு ஒன்று. கீழே இடப்பக்கக் கோரைப்பல் பதிந்திருக்க வேண்டிய இடத்தில் தோல் கன்றிப்போயிருந்தது, துளை இல்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன் அந்தப் பல்லை எடுத்தவன் நான். செவலை நாய் எதையோ கடித்து, கீழ் இடது கோரைப்பல் வேர்வரை பிளந்திருந்தது. பின்வாசல் கல்லுக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து, மயக்க மருந்து கொடுத்து எடுத்தேன். என் மனைவி அதன் தலையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். மருந்து தெளியும்வரை அவள் எழுந்திருக்கவில்லை. அன்று மதியச் சாப்பாடு பிற்பகல் நான்கு மணிக்கு. எடுத்த பல்லை அவள் ஊசிநூல் டப்பாவில் போட்டு வைத்தாள். கிணற்றடியிலிருந்து திரும்பியதும் அந்த டப்பாவைத் திறந்து பார்த்தேன். பார்க்கத் தேவையிருக்கவில்லை.

கிணற்றடியில் பத்துப் பதினைந்து பேர் சுற்றி நின்றார்கள். என்ன தெரிகிறது என்று கேட்டார்கள். தடம் தெளிவாக இல்லை என்றேன். அவர்கள் முன்னிலையிலேயே அதை எழுதினேன். பிறகு ஆட்டைக் கறிக்கு அறுத்துக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தேன்.

காரணங்களை நான் அப்போதே வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். நாய் என்று சொன்னால் ஊரில் சோற்றில் விஷம் வைப்பார்கள். ஒரு நாய்க்காக நாற்பது நாய்கள் சாகும். அது உண்மைதான். எங்கள் வீட்டு நாய் என்று சொன்னால் ஒன்றே ஒன்றைத்தான் தேடுவார்கள், அதுவும் உண்மை. இரண்டாவதைச் சொல்லாமல் இருப்பதற்கு முதலாவதை நான் பயன்படுத்திக்கொண்டேன்.

அதன்பின் எட்டு நாட்கள் ஆடு எதுவும் சாகவில்லை. நாயைப் பிடித்துக் கட்ட இரண்டு மாலைகள் காட்டுக்குள் நடந்தேன், தென்படவில்லை. போய்விட்டது என்று எண்ணிக்கொண்டேன். இடைவெளிக்கு ஒரு காரணம் இருக்கும் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன், அந்த எட்டு நாட்களுக்குக் காரணம் தேடவில்லை.

புரட்டாசி 2 அன்று ஆலையைத் திறப்பது பற்றிப் பேச, தொழிலாளர்களை ஆலை வாசலுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஊரில் பெரும்பாலோர் போனார்கள். ஓடைக்கரைப் பெண் தன்னிடம் மிச்சமிருந்தவற்றில் சினை ஆட்டைக் கொட்டிலுக்குள் கட்டி, படலைச் சாத்தி, கல்லை அண்டக்கொடுத்துவிட்டுப் போனாள். ஒன்றரை மணிக்குத் திரும்பினாள். அவளே புஞ்சையைக் கடந்து என் வாசலுக்கு வந்தாள். குட்டிகளை எடுத்துக் காப்பாற்ற முடியுமா என்பதுதான் அவள் கேட்ட ஒரே கேள்வி.

முடியவில்லை. ஆடு இறந்து ஒரு மணி நேரத்துக்கு மேலாகியிருந்தது. படலின் அடிமண் பறிக்கப்பட்டிருந்தது. வயிற்றைத் திறந்து இரண்டு குட்டிகளையும் வெளியே எடுத்து, சாக்கின்மேல் வைத்தேன். மயிர் முளைத்திருந்தது. இன்னும் பத்து நாட்கள் இருந்திருந்தால் பிழைத்திருக்கும். கைகளைக் கழுவ அவள் தண்ணீர் ஊற்றினாள். அவள் கணவர் ஆலை வாசலிலிருந்து இன்னும் திரும்பவில்லை. அப்போதுதான் சொன்னேன்: கிணற்றடி ஆட்டைப் பற்றி நான் எழுதியது பொய், தடம் தெளிவாகத் தெரிந்தது, இது எங்கள் வீட்டு நாய்.

அவள் செம்பைக் கீழே வைத்தாள்.

"தெரியும்யா," என்றாள். "வெடி போட்ட அன்னைக்கே பாத்தேன். அவக வெடிக்கிறதுக்கு முந்தி நான் அந்தப் பக்கமா வந்துட்டேன். குட்டி கெடக்கு, இது பக்கத்துல நிக்கி. 'ஏலே'ன்னேன். திரும்பிப் பாத்து வாலை ஆட்டுச்சுய்யா. அக்கா கூப்பிட்டா ஆட்டுமே, அப்பிடியே."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது.

"யார்ட்ட சொல்ல? வீட்டுக்காரர்ட்ட சொன்னா கம்ப எடுத்துட்டுக் கெளம்பிருவாக. ஊர்ல சொன்னா எல்லா நாய்க்கும் சேத்து வச்சிருவாக. ஒங்ககிட்டச் சொல்லத்தான் வந்தேன், வாசல் வரைக்கும். அக்கா படத்துக்கு வெளக்கு எரிஞ்சிக்கிட்டு இருந்துச்சு. நீங்க கைய மடியில வச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தீக. திரும்பிட்டேன்."

பிறகு அந்த எட்டு நாட்களுக்கான காரணத்தை அவளே சொன்னாள். கிணற்றடி ஆடு செத்த மறுநாள் முதல், உச்சிவேளையில் தன் கொட்டில் வாசல் கல்லில் ஒரு சட்டி சோறு வைத்திருக்கிறாள். செவலை வந்து தின்றுவிட்டுப் போயிருக்கிறது. ஆடுகளைப் பார்க்கக்கூட இல்லையாம். இன்று ஆலை வாசலுக்குப் போகும் அவசரத்தில் வைக்கவில்லை. அது வழக்கமான நேரத்துக்கு வந்திருக்கிறது. கல் காலியாக இருந்திருக்கிறது.

ஆறு ஆண்டுகள் தயிர்ச்சோறு தின்று வளர்ந்த நாய்க்குக் கறி தின்னத் தெரியாது. துரத்துவதும் கவ்வுவதும் அதன் பிறப்பில் இருந்தன; கவ்வியதைத் தின்னலாம் என்று அதற்கு யாரும் காட்டவில்லை. பசியில் கொன்றுவிட்டு, பசியோடு திரும்பிப் போயிருக்கிறது. இது என் துறை சார்ந்த விளக்கம். செம்மறிக் கிடாவின் சொந்தக்காரர் இதையே இரண்டு சொற்களில் முன்பே சொல்லியிருந்தார்.

அவள் சாக்கை மடித்துக் குட்டிகளை மூடினாள். எழுந்திருக்கும்போது கேட்டாள்:

"கேக்கேன்னு தப்பா நெனக்காதீக. பின்வாசல ஏன்யா தெறக்கவே மாட்டேங்கீக? காரியத்துக்கு வந்தவுக எல்லாரும் நீங்க சாப்பிட்டீகளான்னு கேட்டோம். அதுக்கு யாரு வைக்கான்னு ஒருத்தரும் கேக்கல. நாங்களும் கேக்கல."

நான் கத்திகளைத் துடைத்துப் பையில் வைத்தேன். பதில் இருந்தது. ஆடி மாதத்தின் அந்த நாளில் என் மனைவி வழக்கம்போல் சோற்றை வைத்துவிட்டு, பின்கதவைச் சாத்தித் தாழிட்டு, கூடத்துக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அதன்பின் எழுந்திருக்கவில்லை. அந்தத் தாழ்ப்பாள் அவள் கை கடைசியாக அசைத்த பொருள். வந்தவர்கள் எல்லோரும் முன்வாசல் வழியாகவே வந்தார்கள். சாப்பாடும் முன்வாசல் வழியாகவே வந்தது. பின்கதவைத் திறக்க வேண்டிய தேவை ஏற்படாதபடி நான் பார்த்துக்கொண்டேன். முதல் சில நாட்கள் நண்பகலில் கதவின் அடிப்பகுதியைப் பிராண்டும் ஓசை கேட்டது. குரைப்பு இல்லை. பிறகு அதுவும் நின்றுவிட்டது. நின்றது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் இங்கே பதிந்துவிட வேண்டும்.

மறுநாள் பதினொன்றரைக்குச் சோறு வடித்துத் தயிர் விட்டுப் பிசைந்தேன். தாழ்ப்பாள் இறுகியிருந்தது, இரண்டு கைகளும் தேவைப்பட்டன. ஆட்டுக்கல்லின்மேல் வேப்பஞ்சருகு மூடியிருந்தது. கையால் தள்ளிவிட்டுத் தட்டைக் கொட்டினேன். கதவின் வெளிப்புறத்தில், தரையிலிருந்து ஒரு சாண் உயரம்வரை வண்ணம் உரிந்து மரம் வெளியே தெரிந்தது.

பன்னிரண்டுக்கு அது வந்தது. மெலிந்திருந்தது, காதோரத்தில் வேலிமுள் கிழித்த புண். என்னைப் பார்த்துவிட்டு, எனக்குப் பின்னால் திறந்திருந்த கதவைப் பார்த்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு சோற்றைத் தின்றது. தின்னும்போதே கழுத்தில் சங்கிலியை மாட்டினேன். தடுக்கவில்லை.

கொல்லக் கற்றுக்கொண்ட நாய் அதை மறப்பதில்லை என்பது என் அனுபவம். பங்கு வைத்தால் ஊமையன் வருவதில்லை என்பது ஊரின் அனுபவம். இரண்டில் எதை நம்பி முடிவெடுப்பது என்று இதை எழுதும்போது எனக்குத் தெரியவில்லை. ஊரில் வரும் வெள்ளிக்கிழமை ஊமையனுக்குப் பொங்கல் வைப்பதாகத் தீர்மானித்திருக்கிறார்கள். என்னிடமும் வந்து சொன்னார்கள். அவர்கள் முன்வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது பின்வாசலில் சங்கிலி தரையில் இழுபடும் ஓசை கேட்டது. அவர்கள் அதைக் கேட்டார்களா என்று தெரியவில்லை.

செய்யாமல் கிடப்பவை:

ஆவணி 24-இன் கடைசி வரியை அடித்துவிட்டு, 'துளைகள் மூன்று. கீழ் இடது கோரைப்பல் இல்லை' என்று எழுதுவது.

வெள்ளிக்கிழமைக்கு முன், திருத்திய பக்கத்தை ஊரார் முன் படிப்பது. செவலை கட்டப்பட்டிருக்கிறது, மற்ற நாய்களைத் தொட வேண்டாம் என்பதையும் அப்போதே சொல்வது.

ஓடைக்கரைக் கொட்டிலுக்கு ஒரு சினை ஆடு. வேண்டாம் என்று சொல்லிவிட்டாள், மறுபடி கேட்பது.

நாயைப் பற்றிய முடிவு. வலியின்றி முடிக்கும் ஊசிமருந்து அலமாரியில் இருக்கிறது.

பின்வாசல் தாழ்ப்பாளுக்கு எண்ணெய்.